சர்வர் நெட்வொர்க் கார்டுக்கு முழு உயர பிராக்கெட்: பழைய தகட்டிலிருந்து செய்ய முடியுமா?

மேசைக்கணினி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சர்வரிலிருந்து கழற்றி விற்கப்பட்ட இன்டெல் ஐ350 நெட்வொர்க் கார்டு ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். இரண்டு போர்ட் கொண்டது. கார்டு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதில் பூட்டியிருப்பது குட்டையான பிராக்கெட் (கார்டைக் கேபினட்டின் பின்பக்கத்தில் பிடிக்கும் தகடு). என்னுடையது சாதாரண ஏடிஎக்ஸ் டவர் கேபினட், அதற்கு முழு உயர பிராக்கெட்தான் பொருந்தும். ஆகவே பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, வெறும் கார்டை ஸ்லாட்டில் செருகி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கேபிளைத் தொட்டாலே கார்டு அசைகிறது.

அசல் முழு உயர பிராக்கெட் இணையத்தில் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்பதால் தபால் செலவு கார்டின் விலையை நெருங்கிவிடுகிறது. வீட்டில் இரண்டு பழைய கேபினட்டுகள், இயங்காத எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று, சில சிடி டிரைவ்கள் கிடக்கின்றன. ஹாக்ஸா, அரம், கை டிரில் இருக்கின்றன, வைஸ் இல்லை. இவற்றை வைத்து ஒழுங்கான பிராக்கெட் செய்ய முடியுமா? ஒட்டுப்போட்ட வேலையாக இல்லாமல், கார்டு இருக்கும்வரை நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

பழையபெட்டி எழுதியது:

முடியும். அதற்கு முன் ஒன்று: அந்தக் கார்டை இன்றைக்கே கழற்றி வையுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 12 வோல்ட் வரும் கால்கள் எல்லாம் பிராக்கெட் பக்கத்து முனையில்தான் இருக்கின்றன. கேபிளை இழுத்தால் முதலில் மேலே தூக்குவதும் அதே முனைதான். கணினி ஓடும்போது கார்டு சாய்ந்து, 12 வோல்ட் பட்டை பக்கத்துக் காலைத் தொட்டால் கார்டு போகும். நேரம் சரியில்லை என்றால் மதர்போர்டும் சேர்ந்து போகும். பழுதுபார்க்கும் மேசைக்கு இப்படி வந்த கார்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்லாட் முனையில் கருகிய தடம் அப்படியே தெரியும்.

பிராக்கெட் என்பது பின்பக்க ஓட்டையை அடைக்கும் மூடி என்று பலர் நினைக்கிறார்கள். கேபிளின் இழுவையை ஸ்லாட்டுக்குப் போகவிடாமல் கேபினட் உடம்புக்கு மாற்றிவிடுவதுதான் அதன் முதல் வேலை.

முப்பரிமாணி எழுதியது:

முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தக் கார்டுக்கான வரைபடக் கோப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தகரத்தோடு போராட வேண்டிய அவசியம் என்ன?

தகரமும்_அரமும் எழுதியது:

சகோதரி, உங்கள் யோசனைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு ஓர் இடம் இருக்கிறது. முதலில் மேசைக்கணினிக்குப் பதில்.

நான் கோவையில் தகடு வேலை செய்கிறவன். இந்த மாதிரி வேலைக்குக் கழிவுப் பொருள் தேடுகிறவர்கள் எல்லோரும் அளவைப் பார்த்துத் தகடு தேடுகிறார்கள். "இந்த நீளத்துக்கு ஒரு தகரம் கிடைத்தால் போதும்" என்பார்கள். அளவைப் பார்க்காதீர்கள், மடிப்பைப் பாருங்கள். வெட்டுவதும் துளை போடுவதும் யார் கைக்கும் வரும். கையால் துல்லியமாக வராதது மடிப்பு. உங்களுக்கு வேண்டிய மடிப்பு ஏற்கெனவே விழுந்திருக்கும் தகடு எதுவோ அதுதான் சரியான கழிவு.

பிராக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கீழே குறுகி ஒரு நாக்கு. அது கேபினட்டின் அடிப்பக்க இடுக்கில் இறங்கும். மேலே செங்கோணத்தில் மடிந்த காது. அதில் திருகாணி இறங்கும். நாக்கின் அகலம், அது உள்வாங்கி நிற்கும் விதம், காதின் உயரம் ஆகிய மூன்றும் அரை மி.மீ. தவறினாலும் கார்டு ஸ்லாட்டில் நேராக உட்காராது. இந்த மூன்றும் சரியாக அமைந்த ஒரு பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பழைய கேபினட்டின் காலி ஸ்லாட்டை மூடியிருக்கும் தகடு! அதில் ஜாக் வெளியே வரும் துளையும், கார்டைப் பிடிக்கும் இரண்டு சிறு காதுகளும்தான் குறைவு. இரண்டும் அர வேலை.

ஒன்றைக் கவனியுங்கள். மலிவான கேபினட்டுகளில் அந்த மூடி தனித் தகடாக இருக்காது. முறுக்கி உடைத்து எடுக்கும் வெட்டுத் துண்டாக இருக்கும். அதற்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. அது உதவாது. திருகாணி போட்டு மாட்டும் வகைதான் வேண்டும். புதிய கேபினட்டுகளில் வரும் சல்லடைத் துளைத் தகடும் வேண்டாம். பெரிய துளை போட்டதும் பலமிழந்து நெளியும்.

மேசைக்கணினி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. பார்த்தேன். ஒரு கேபினட்டில் உடைத்தெடுக்கும் வகை. மற்றொன்று மிகப் பழையது. அதில் திருகாணி போட்ட தகடுகள் இருக்கின்றன. ஒரு தகட்டில் பிரிண்டர் போர்ட்டுக்கான 25 பின் துளை ஏற்கெனவே இருக்கிறது. அதையே அகலப்படுத்தினால் வேலை குறையுமா? இன்னொரு சந்தேகம்: அவ்வளவு பழைய கேபினட்டின் தகடு இன்றைய கேபினட்டில் பொருந்துமா?

பழையபெட்டி எழுதியது:

பொருந்தும். அதன் கதை சுவையானது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஐந்து ஸ்லாட்டுகள், ஒன்றுக்கொன்று ஓர் அங்குல இடைவெளியில் இருந்தன. 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினி அதை எட்டு ஸ்லாட்டாக்கி, இடைவெளியை 0.8 அங்குலமாகக் குறைத்தது. அதாவது 20.32 மி.மீ. பழைய ஸ்லாட் வகைகளான ஐஎஸ்ஏ போனது, பிசிஐ போனது, ஏஜிபி போனது, அந்த 20.32 மட்டும் இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் வரை மாறாமல் வந்திருக்கிறது. தகட்டின் வெளி வடிவமும் அப்படியே. காயலான் கடையில் கிடக்கும் பழைய தகடு இன்றைய கேபினட்டில் உட்காருவது அதனால்தான். கணினி உலகில் இத்தனை ஆண்டு நிலைத்த அளவு வேறொன்று இருக்குமா என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் பழைய ஐஎஸ்ஏ கார்டிலிருந்து கழற்றிய பிராக்கெட்டை எடுத்தால் கவனம் தேவை. ஐஎஸ்ஏ கார்டில் சில்லுகள் ஒரு பக்கம் பார்க்கும். பிசிஐயில் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஆகவே கார்டைப் பிடிக்கும் சிறு காதுகள் தவறான பக்கத்தில் இருக்கும். வெளி வடிவம் மட்டும்தான் உதவும். காதுகளை அறுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும்.

25 பின் துளையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அதன் இரு பக்கமும் திருகாணித் துளைகள் இருக்கின்றன. உங்கள் ஜாக் துளையை அகலமாக்கியதும் விளிம்பில் மெல்லிய பட்டைதான் மிஞ்சும். மூடித் தகடு இருக்கும்போது அதையே எடுங்கள்.

தகரமும்_அரமும் எழுதியது:

சரியாகச் சொன்னார். இனி செய்முறை.

முழு உயர பிராக்கெட்டின் நீளம் ஏறக்குறைய 120 மி.மீ., குட்டையானது 79 மி.மீ. இந்த 41 மி.மீ. வித்தியாசம் முழுவதும் மேல் பக்கத்தில்தான். மதர்போர்டிலிருந்து நாக்கு இருக்கும் உயரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே எல்லா அளவையும் கீழே நாக்கிலிருந்து எடுங்கள். மேலிருந்து அளந்தால் எல்லாம் தப்பும்.

ஸ்கேல் வைத்து அளந்து குறிப்பதை விட நம்பகமான வழி ஒன்று உண்டு. குட்டை பிராக்கெட்டின் வெளிமுகத்தில் மெல்லிய வெள்ளைத்தாளை இறுக்கி ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். துளைகளின் விளிம்பும் நாக்கின் விளிம்பும் தாளில் பதியும். அந்தத் தாளை மூடித் தகட்டின் வெளிமுகத்தில், நாக்கும் பக்க விளிம்பும் பொருந்துமாறு பசை போட்டு ஒட்டுங்கள். பிறகு தாளின் மேலேயே வேலை. உங்கள் கார்டின் அளவு உங்கள் கார்டிலிருந்தே வருகிறது. எந்த வரைபடமும் தேவையில்லை.

துளைக்கு: கோட்டுக்கு உள்ளே 1 மி.மீ. விட்டு, சிறு துளைகளை வரிசையாகப் போட்டு நடுத்துண்டை உடைத்தெடுங்கள். பிறகு தட்டை அரத்தால் கோடு வரை அராவுங்கள். மெல்லிய தகட்டில் டிரில் பிட் திடீரென்று கடித்துத் தகட்டைச் சுழற்றிவிடும், விரல் கிழியும். தகட்டை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, மரத்தோடு சேர்த்துத் துளையிடுங்கள். துளையும் வட்டமாக வரும், பிசிறும் குறையும். வைஸ் இல்லாவிட்டாலும் இரண்டு ஜி கிளாம்ப் போதும்.

கார்டைப் பிடிக்கும் சிறு காதுகளை எஸ்எம்பிஎஸ் பெட்டியின் தகட்டில் வெட்டுங்கள். அந்தப் பெட்டியின் மூலைகளில் செங்கோண மடிப்பு இருக்கும். மூலையோடு சேர்த்து 10 மி.மீ. அகலத்துக்கு அறுத்தால் எல் வடிவக் காது தயார். அதை மூடித் தகட்டின் உள்முகத்தில் ரிவெட் அல்லது தட்டைத் தலை எம்3 திருகாணியால் பிடிக்க வேண்டும்.

உள்முகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிலர் குட்டை பிராக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் முழுத் தகட்டை வெளியே ஒட்டிவிடுகிறார்கள். ஒரு தகட்டின் தடிமன், சுமார் 0.9 மி.மீ., வெளியே தள்ளும். கார்டை ஸ்லாட் பிடித்திருக்கிறது, அது நகராது. பின்பக்கச் சுவரும் நகராது. மேல் திருகாணியை இறுக்க இறுக்க அந்த 0.9 மி.மீ. கார்டை வளைக்கும். கணினி அன்றைக்கு ஓடும். பல மாதங்கள் சென்ற பிறகு பற்றவைப்பில் விரிசல் காட்டும். வெளிமுகம் அசல் இருந்த அதே தளத்தில் இருக்க வேண்டும். சேர்க்கும் தகடு எதுவானாலும் உள்ளே போகட்டும்.

சிறு காதில் கார்டுத் திருகாணிக்கான துளையைக் கடைசியில் போடுங்கள். தகட்டைக் கேபினட்டில் மாட்டி, கார்டை ஸ்லாட்டில் முழுதாக அழுத்தி, கார்டின் துளை வழியாக ஊசியால் காதில் குறியிட்டு, கழற்றித் துளையிடுங்கள். அந்த இடம் தானாகவே சரியாக வரும்.

மின்கசிவு எழுதியது:

எஸ்எம்பிஎஸ் பெட்டியை அறுக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் ஐயா.

மேசைக்கணினி, 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் நேர்மின்னாக்கும்போது உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 325 வோல்ட் வரை ஏறும். பிளக்கை எடுத்ததும் அது உடனே இறங்கிவிடாது. வடித்துவிடும் மின்தடை பழுதான எஸ்எம்பிஎஸ்ஸில் நெடுநேரம் அப்படியே இருக்கும். "இயங்காத எஸ்எம்பிஎஸ்" என்பது பாதுகாப்பான எஸ்எம்பிஎஸ் என்று பொருளல்ல. பெட்டியைத் திறந்ததும் மல்டிமீட்டரை டிசி 600 வோல்ட்டுக்கு மேல் வைத்து, பெரிய கெபாசிட்டரின் இரு கால்களையும் அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் போர்டைக் கழற்றுங்கள். மல்டிமீட்டர் இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம். சிடி டிரைவின் மேல்மூடியிலேயே காதுக்குத் தேவையான தகடு கிடைக்கும். சற்று மெல்லியது, இரண்டாக மடித்துக்கொள்ளலாம்.

தகரமும்_அரமும் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பட்டறைக்கு வரும் பெட்டிகள் வெறும் தகடாகத்தான் வரும். வீட்டில் செய்கிறவருக்கு நீங்கள் சொன்ன வரிசைதான் சரி.

முப்பரிமாணி எழுதியது:

எனக்குத் தருவதாகச் சொன்ன இடம் எது அண்ணா?

தகரமும்_அரமும் எழுதியது:

இரண்டு இடம். அசையும் பாகம் இல்லாத, சூடாகாத, மின்தொடர்பு தேவைப்படாத பொருளைத் தாங்குவதற்கு உங்கள் அச்சு அருமையானது. 2.5 அங்குல எஸ்எஸ்டிக்குத் தகரம் அடித்துக்கொண்டிருப்பதில் பொருளே இல்லை. மற்றொன்று, துளையிடும் அச்சு. இந்தக் கார்டின் கோப்பைத் தடிமனாக அச்சிட்டு, மூடித் தகட்டின் மேல் கட்டி, அதன் துளைகள் வழியே டிரில் செய்தால் பென்சில் தேய்த்த தாளை விடவும் துல்லியம் வரும்.

ஆனால் பிராக்கெட்டாகவே பிளாஸ்டிக் என்றால் இந்த இடத்தில் நான் சம்மதிக்க மாட்டேன். அதிகம் பேர் அச்சிடப் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். கோடையில் மூடிய கேபினட்டில், கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பக்காற்று படும் இடத்தில் அந்தச் சூடு அரிதல்ல. திருகாணி இறுக்கிய காது மெதுவாக இளகிக் கொடுத்துவிடும்.

முப்பரிமாணி எழுதியது:

பிஇடிஜி 80 டிகிரி வரை தாங்கும், ஏபிஎஸ் 100ஐத் தாண்டும். ஆகவே வெப்பம் ஒன்றே காரணமென்றால் வழி இருக்கிறது. ஆயினும் அச்சிட்ட பொருள் அடுக்கடுக்காக அமைவதால், 1 மி.மீ. தடிமனில் அந்த மேல்காது அடுக்கு பிரிந்து உடைவது உண்மைதான். தடிமனைக் கூட்டினால் நீங்கள் சொன்ன தளக் கணக்கு கெடுகிறது. துளையிடும் அச்சு என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. மேசைக்கணினி கேட்டால் அச்சிட்டு அனுப்புகிறேன்.

மின்கசிவு எழுதியது:

பிளாஸ்டிக் வேண்டாம் என்பதற்கு என்னிடம் இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிய காரணம்.

நெட்வொர்க் ஜாக்கின் உலோகக் கூட்டைக் கேபினட்டோடு இணைப்பது பிராக்கெட்தான். ஃபைபர் கார்டுகளில் கேபிள் முனை செருகும் எஸ்எஃப்பி கூண்டைப் பார்த்தால் சுற்றிலும் சிறு வில் விரல்கள் இருக்கும். பிராக்கெட்டின் துளை விளிம்பை அழுத்தித் தொடுவதற்காகவே அவை அமைந்திருக்கின்றன. நிலைமின்சாரம் கேபிள் வழியாக வந்தால் அந்த வழியில் கேபினட்டுக்குப் போக வேண்டும். சில்லு வழியாகப் போகக் கூடாது. துளையை மிகப் பெரிதாக அராவிவிட்டால் உலோகமாக இருந்தும் பயனில்லை.

வேலை முடிந்ததும் கேபினட்டின் பூச்சில்லாத இடத்துக்கும் ஜாக்கின் கூட்டுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் கேபினட்டின் பவுடர் பூச்சுதான் தடுக்கிறது. திருகாணி உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிடுங்கள்.

இதெல்லாம் வீட்டில் எர்த் இருந்தால்தான். நம் ஊர்களில் பல பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளையில் கம்பி இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் கேபினட்டைத் தொட்டால் விறுவிறுவென்று கூசும். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாக உலோக உடம்பில் மின்னழுத்தத்தின் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், மிதந்து நிற்பதுதான் காரணம். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் கணினியைத் திறந்து கார்டைச் செருகும் கைக்கும் கார்டுக்கும் அது நல்லதல்ல. உலோக பிராக்கெட் செய்து மாட்டுகிறவர் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுவது கட்டாயம். பிளக்கை எடுக்காமல் எதையும் மாட்டவும் வேண்டாம்.

தரவுக்கிடங்கு எழுதியது:

இழையை என் பக்கம் சற்றுத் திருப்பலாமா? வீட்டுச் சர்வருக்காகப் பெரிய கொள்ளளவு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். பழைய கேபினட்டின் தட்டில் மாட்டப் போனால் அடிப்பக்கத் துளைகள் பொருந்தவில்லை. நடுத் துளையே காணோம். 5.25 அங்குல சிடி டிரைவ் இடங்கள் மட்டும் மூன்று காலியாக இருக்கின்றன. கடையில் விற்கும் அடாப்டர் தகடும் பழைய துளை இடைவெளிக்குத்தான் இருக்கிறது.

பழையபெட்டி எழுதியது:

பழைய 3.5 அங்குல டிஸ்க்குகளில் அடித்துளைகள் 44.45 மி.மீ. இடைவெளியில் இருக்கும். கொள்ளளவு கூடக்கூட உள்ளே தட்டுகளுக்கு இடம் தேவைப்பட்டதால், புதிய டிஸ்க்குகள் பலவற்றில் அந்தத் துளையை எடுத்துவிட்டு 76.2 மி.மீ. இடைவெளியில் வைத்துவிட்டார்கள். கனெக்டர் பக்கத்துத் துளை மாறவில்லை. ஆகவே உங்கள் தட்டில் அந்தத் துளையைப் பிடித்துக்கொண்டு, மற்ற துளையை மட்டும் புதிதாகப் போட்டால் போதும்.

சிடி டிரைவ் இடத்துக்குத் தகரமும்_அரமும் சொன்ன அதே விதி இங்கேயும் உதவும். மடிப்பும் துளையும் ஏற்கெனவே சரியாக இருக்கும் பொருள், செத்துப்போன சிடி டிரைவின் கூடு! உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுக் கீழ்த்தட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 146 மி.மீ., பக்கத்துத் துளைகள் கேபினட்டுக்கு ஏற்ப அமைந்தவை. டிஸ்க்கின் அகலம் 101.6 மி.மீ. நடுவில் வைத்தால் இரு பக்கமும் 22 மி.மீ. காற்றோட்டம் கிடைக்கும். அடித்தகட்டில் டிஸ்க்கின் துளைகளைக் குறித்துத் துளையிட்டு, கீழிருந்து திருகாணி போடுங்கள். மேல்மூடியை மாட்டாதீர்கள்.

திருகாணியில் கவனம். சிடி டிரைவின் பக்கத்துக்கு எம்3. ஹார்ட் டிஸ்க்குக்கு 6-32 என்ற தடித்த மரை. எம்3 திருகாணி டிஸ்க்கின் துளையில் போவது போலவே போகும், பிடிக்காது. 6-32ஐ எம்3 துளையில் திணித்தால் மரை கெடும். நீளமும் முக்கியம்: டிஸ்க்குக்குள் 3 மி.மீ. அளவே இறங்கட்டும். நீளத் திருகாணி உள்ளே போர்டைக் குத்திவிடும்.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீண்ட நாளாக வாசிப்பவன், இன்றுதான் எழுதுகிறேன்.

பழையபெட்டி அண்ணா சொன்ன இறுவட்டு இயக்கிக் கூட்டை நானும் பயன்படுத்துகிறேன். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நிமிடத்துக்கு 7200 சுற்று வன்தட்டு என்றால் வினாடிக்கு 120 சுற்று. மெல்லிய தகட்டில் நேராக இறுக்கினால் அந்த அதிர்வைத் தகடு வாங்கிப் பெருக்கும். இரவில் வீடு முழுக்க ஓர் இரைச்சல் கேட்கும். பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, தகட்டுக்கும் வன்தட்டுக்கும் இடையில் ஒன்று, திருகாணித் தலைக்குக் கீழே ஒன்று வைத்தால் இரைச்சல் அடங்கிவிடும். திருகாணியை ரப்பர் நசுங்கும்வரை இறுக்கக் கூடாது. ரப்பரின் தடிமன் அளவுக்கு நீளம் கூடிய திருகாணி வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் 1990களில் மின்சாரமே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் மாமா அவர்களில் ஒருவர். எதையும் எறியாமல் எடுத்து வைக்கும் பழக்கத்தை அவரிடம்தான் கற்றேன். அவருடைய டப்பாவில் இருந்த ரப்பர் துண்டுகள்தான் என் சர்வரில் இருப்பவை.

இன்னொரு பிராக்கெட்டும் செய்திருக்கிறேன். சர்வர்களிலிருந்து வரும் எல்எஸ்ஐ 9211 போன்ற டிஸ்க் கட்டுப்பாட்டுக் கார்டுகள் சர்வரின் பலத்த காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டவை. வீட்டு டவரில் அந்தக் காற்று இல்லை. ஹீட் சிங்க்கில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். 40 மி.மீ. விசிறியின் துளை இடைவெளி 32 மி.மீ. பக்கத்துக் காலி ஸ்லாட்டின் மூடித் தகட்டில் எல் வடிவத் துண்டு ஒன்றைப் பூட்டி, அதில் விசிறியை ஹீட் சிங்க்கைப் பார்த்தபடி நிறுத்தினேன். விசிறியின் எடை கார்டின் மேல் ஏறாமல் கேபினட்டில் நிற்கிறது. ஹீட் சிங்க் இதழ்களுக்கு நடுவில் திருகாணியை நேராக முறுக்கி விசிறி மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் சில்லின் மேல் இழுவை வரும். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை.

தரவுக்கிடங்கு எழுதியது:

சைக்கிள் டியூப் அற்புதமான யோசனை. இன்றைக்கே செய்கிறேன். வடமராட்சி, அந்த விசிறி பிராக்கெட்டின் படத்தைப் பதிவிட முடியுமா?

முதல்கணினி எழுதியது:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். இன்டெல்லின் பழைய 775 பிராசசர் சாக்கெட்டுக்கு வாங்கிய கனமான தாமிரக் கூலர் என்னிடம் இருக்கிறது. இப்போது 1700 சாக்கெட் போர்டு வாங்கியிருக்கிறேன். இதே முறையில் தகட்டில் பிராக்கெட் செய்து மாட்டிவிடலாமா?

பழையபெட்டி எழுதியது:

தம்பி, இங்கே நான் தடுப்பேன். 775இல் துளைகள் 72 மி.மீ. சதுரம். 1155 முதல் 1200 வரை 75. உங்கள் 1700இல் 78. பக்கவாட்டு அளவு மட்டும் என்றால் பட்டையில் புதிய துளை போட்டுச் சரிசெய்துவிடலாம். 75இல் பலர் அப்படிச் செய்து நன்றாகவே ஓடுகிறது. 1700இல் பிராசசரின் மேல்முகம் போர்டிலிருந்து இருக்கும் உயரமும் குறைந்திருக்கிறது. ஆகவே பழைய ஸ்பிரிங் திருகாணியின் அழுத்தம் போதாது. அழுத்தத்தைக் கூட்ட வாஷர் வைத்து இறுக்கப் போனால் நான்கு மூலையும் ஒன்றுபோல் வராது. அந்தப் பிராசசர் நீளவாக்கில் வளையக்கூடியது என்பதும் தெரிந்த செய்தி. நெட்வொர்க் கார்டு பிராக்கெட்டில் அரை மி.மீ. தவறினால் மாட்டும்போதே கைக்குத் தெரியும். இங்கே தவறினால் போர்டின் பின்னால் தெரியாமல் வளையும். அந்தக் கூலர் நிறுவனம் 1700க்கான மாற்றுப் பட்டை தருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூலரை வேறு பழைய கணினிக்கு வையுங்கள்.

தகரமும்_அரமும் எழுதியது:

முழுதாக ஆமோதிக்கிறேன். அழுத்தத்தைக் கணக்கிட வேண்டிய இடத்தில் காயலான் கடைத் தகடு வேண்டாம்.

கனமான கிராஃபிக்ஸ் கார்டு தொங்காமல் முட்டுக் கொடுப்பதைப் பற்றியும் யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். இன்றைய பெரிய கார்டுகள் 2 கிலோவைத் தாண்டுகின்றன; அதற்கு அலுமினிய எல் ஆங்கிள் ஒன்றைப் பக்கத்து ஸ்லாட் திருகாணிகளில் பிடித்துக் கார்டின் அடியில் நீட்டினால் போதும். கார்டைத் தொடும் இடத்தில் ரப்பர். விசிறியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் நுணுக்கம் இல்லை.

மேசைக்கணினி எழுதியது:

செய்து முடித்துவிட்டேன்!

முப்பரிமாணி அனுப்பிய துளையிடும் அச்சு வந்தது. மிக்க நன்றி சகோதரி. அதைக் கட்டித் துளை போட்டதில் ஜாக் துளைகள் அப்படியே பொருந்தின. அரம் கொஞ்சம்தான் தேவைப்பட்டது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடவில்லை. காதுகளை சிடி டிரைவ் மூடியில் வெட்டி, இரண்டாக மடித்து, உள்முகத்தில் தட்டைத் தலை எம்3 திருகாணியால் பூட்டினேன். கார்டுத் துளையை ஊசியால் குறிக்கும் முறை அருமை. திருகாணி தடையில்லாமல் இறங்கியது. மேல் காதை இறுக்கும்போது கார்டு இம்மியும் அசையவில்லை. கேபிளை இழுத்துப் பார்த்தேன், கேபினட்தான் நகர்கிறது.

அராவும் வேலையை வீட்டுக்கு வெளியே, கணினியிலிருந்து தள்ளியே செய்தேன். தகட்டைக் கழுவித் துடைத்து, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே தடவியபோது இன்னும் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்களும் இதைச் செய்வது நல்லது. பைக்குள் வைத்தால் தூளைக் காந்தத்திலிருந்து பிரிப்பது எளிது.

இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மின்தடை 4 ஓம் காட்டுகிறது. அறுத்த விளிம்புகளில் துத்தநாகப் பூச்சு போய்விட்டது. கடற்காற்றுக்கு அது துருப்பிடிக்காதா?

மின்கசிவு எழுதியது:

முதலில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அந்த அளவைக் கழித்த பிறகும் ஒரு ஓமுக்கு மேல் இருந்தால், கேபினட்டில் மேல் காது உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டுங்கள்.

தகரமும்_அரமும் எழுதியது:

துருப்பிடிக்கும். பெயின்ட் கடையில் துத்தநாகத்தூள் கலந்த பூச்சு கேளுங்கள். சிறிய டப்பாவே போதும். விளிம்பில் மட்டும் மெல்லிய தூரிகையால் ஒரு கோடு. ஜாக்கின் கூடு தொடும் உள்விளிம்பிலும், நாக்கிலும், மேல் காதின் அடிப்பக்கத்திலும் பூசாதீர்கள். அங்கே உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். கழற்றிய குட்டை பிராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கார்டை நாளைக்குச் சிறிய கேபினட்டுக்கு மாற்றினால் அதுதான் வேண்டும்.

மேசைக்கணினி எழுதியது:

முனைகளே 0.4 காட்டுகின்றன. பூச்சைச் சுரண்டிய பிறகு 0.7 வந்துவிட்டது. நாளை பெயின்ட் கடைக்குப் போகிறேன். வடமராட்சியின் விசிறி பிராக்கெட் படத்துக்காக நானும் காத்திருக்கிறேன். மீதமிருக்கும் மூடித் தகடுகளில் ஒன்றை அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

வடமராட்சி எழுதியது:

படம் நாளை பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன். அதற்கு முன் அளவைத் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எல் துண்டின் செங்குத்துப் பக்கம் 45 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலம், மடிந்து தகட்டோடு சேரும் பக்கம் 15 மி.மீ. விசிறிக்கு நடுவில் 38 மி.மீ. வட்டத் துளை. ஹீட் சிங்க்குக்கும் விசிறிக்கும் இடையில் 5 மி.மீ. விட்டிருக்கிறேன். உங்கள் கார்டில் பக்கத்து ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 20.32 மி.மீ.க்குள் 10 மி.மீ. தடிமன் விசிறிதான் அடங்கும், 20 மி.மீ. விசிறி அடங்காது.